பெரம்பூர் வீடு குரூப்: மொட்டை மாடி சாமான், மீன் தொட்டி, அண்டா

செந்தில்: எல்லாருக்கும் சொல்கிறேன். திங்கள்கிழமை மொட்டை மாடியில் ஒழுகலுக்கு வேலை ஆரம்பிக்கிறார்கள். சின்டெக்ஸ் பக்கம் கிடக்கும் சாமான்களை ஞாயிற்றுக்கிழமைக்குள் அவரவர் எடுத்துக்கொள்ளவும். மீதியைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுவேன். அப்புறம் என்னைக் கேட்கக்கூடாது

செந்தில்: (படம்)

மாலா: அந்தத் தையல் மெஷின் என்னுடையது இல்லை

சரோஜா: அம்மாவின் பித்தளை அண்டாவைப் படத்தில் காணோமே

ரவி: மீன் தொட்டியைப் போட்டுவிடாதே செந்தில். நான் எடுத்துக்கொள்கிறேன்

செந்தில்: எதற்கு அண்ணா

ரவி: மீன் வளர்க்க

கவிதா: யார் வீட்டில்?

கார்த்திக்: 😂😂

ரவி: ரிட்டயர் ஆனதும் திரும்ப ஆரம்பிப்பேன் என்று எத்தனையோ முறை சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை. மேடவாக்கம் ஹாலில் ஜன்னல் வெயில் படாத சுவர் ஒன்று இருக்கிறது. வெயில் பட்டால் பாசி பிடிக்கும், அதனால் அந்தச் சுவர்தான் சரி. செந்தில், தொட்டியின் உள் மூலைகளைக் கிட்டப்போய் ஒரு படம் எடுத்து அனுப்பு. இத்தனை வருடம் வெயிலில் கிடந்திருக்கிறது

செந்தில்: (படம்)

திவ்யா: அப்பா அது தொட்டியா, உள்ளே செடி முளைத்திருக்கிறது

ரவி: வலது மூலையில் சிலிக்கான் மஞ்சளாகி ஓரம் தூக்கிக்கொண்டிருக்கிறது பார். பிளேடால் பழையதை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டவேண்டும். பழையதன்மேலேயே பூசினால் பிடிக்காது. பாத்ரூமுக்குப் பூசும் சிலிக்கானும் கூடாது, பூஞ்சைக்காகக் கலக்கும் மருந்து மீனுக்கு ஆகாது. ஒட்டிக் காயவைத்து, அங்கே மாடியிலேயே தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் வைத்துப் பார்க்கலாம்

செந்தில்: அண்ணா திங்கள்கிழமை வேலை. இரண்டு நாள் எங்கே இருக்கிறது

செந்தில்: அதுவும் ஒழுகும் மாடியில்

கவிதா: அது மூன்றடித் தொட்டி. டிவி ஸ்டாண்டில் வைக்கப்போகிறேன் என்று சொன்னால் நான் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன்

ரவி: டிவி ஸ்டாண்ட் தாங்காது. மூன்றடி நீளம், ஒரு அடி அகலம், ஒன்றரை அடி உயரம். நாலரைக் கன அடி. ஒரு கன அடிக்கு 28 லிட்டர் சொச்சம், ஆக விளிம்புவரை நிரப்பினால் 127 லிட்டர். தண்ணீர் மட்டுமே 127 கிலோ. கண்ணாடி, கல் எல்லாம் சேர்த்தால் 150ஐத் தாண்டும். ஆங்கிள் இரும்பில் ஸ்டாண்ட் அடிக்கச் சொல்லி, மேலே பிளைவுட், அதன்மேல் தெர்மாகோல் போட்டு உட்காரவைக்கவேண்டும். பலகை துளி மேடு பள்ளமாக இருந்தாலும் கண்ணாடி விரிசல் விடும்

மாலா: அண்ணி பாவம்

சரோஜா: ரவி, இது ஆடி மாதம். புதிதாக எதையும் வீட்டுக்குள் கொண்டுவராதே

மாலா: ஆடியில் மாடி வேலை பார்க்கலாம், மீன் தொட்டி மட்டும் கூடாதாக்கா?

சரோஜா: மாடி வேலை ரிப்பேர். அது வேறு

ரவி: அக்கா, நானும் இப்போது மீன் விடப்போவதில்லை. ஆடியில் தண்ணீர், ஆவணியில் மீன்

கார்த்திக்: மாமா வெறும் தண்ணீரை ஒரு மாதம் உட்கார்ந்து பார்க்கப்போகிறார்

ரவி: ஆமாம், சிரிக்காதே. முன்பெல்லாம் காலையில் தொட்டி வாங்கி, சாயங்காலம் மீன் விட்டு, அடுத்த வாரம் ஒவ்வொன்றாக மிதக்கும். கண் பட்டுவிட்டது என்று அம்மா சூடம் சுற்றிப் போடுவார்கள். உண்மையில் அம்மோனியாதான் காரணம். மீனின் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும் அது வந்துகொண்டே இருக்கும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும், அதைக் கொஞ்சம் மீன் தாங்கிக்கொள்ளும். வாரம் ஒரு முறை கால்வாசித் தண்ணீரை மாற்றினால் போதும். இந்த இரண்டு வகையும் ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியேறிப் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போட்டு அழுகவிட்டு

திவ்யா: அப்பா நீங்கள் குரல் பதிவாகப் போடலாம்

கவிதா: வேண்டாம். அதை நான் நேரிலும் கேட்கவேண்டியிருக்கும்

செந்தில்: ஆறு வாரமா? நிதினுக்கு ஆடிப்பூரத்துக்கு மறுநாள் பிறந்தநாள். பெரியப்பா கோல்டு ஃபிஷ் வாங்கித் தருவார் என்று ஸ்கூல் பூராவும் சொல்லி வைத்திருக்கிறான்

ரவி: நான் எப்போது சொன்னேன்

செந்தில்: கல்யாண மண்டபத்தில். பந்தியில்

ரவி: வாங்கலாம், ஆனால் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட விடமாட்டேன். கோல்டு ஃபிஷ் கையளவுக்கு மேல் வளரும், அழுக்கும் அதிகம் போடும். முதலில் மோலி, கப்பி விடலாம். மேடவாக்கத்தில் போர் தண்ணீர் உப்பாக, கடினமாக இருக்கிறது, இந்த இரண்டும் அதில் நன்றாக இருக்கும். எங்கள் ஆர்ஓ தண்ணீரை மட்டும் ஊற்றினால் அதில் தாது ஒன்றும் இருக்காது, மீனுக்கு நல்லதில்லை

மாலா: நிதினுக்கு சைக்கிள் வாங்கிக் கொடுங்கள்

சரோஜா: அண்டா எங்கே என்று கேட்டேன்

செந்தில்: மாடியில் இல்லை அக்கா

சரோஜா: தெரு அம்மன் கோயிலுக்கு இந்த வாரம் நம் வீட்டுக் கூழ். எதில் காய்ச்சுவது?

மாலா: என்னைப் பார்த்துக் கேட்பதுபோல் இருக்கிறது

சரோஜா: பொதுவாகத்தான் கேட்டேன்

மாலா: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

கார்த்திக்: நான் படித்துவிட்டேன் சித்தி 🙈

திவ்யா: அப்பா அந்த சக்கர் மீன் வாங்கலாமே, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்குமே

ரவி: வேண்டாம்மா. கடையில் விரல் நீளம் இருக்கும், ஒரு அடிக்கு மேல் வளரும். தென் அமெரிக்க மீன் அது. வளர்ந்ததும் ஆளாளுக்கு ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். வலையில் சிக்கினால் முள்ளும் ஓடும் வலையைக் கிழிக்கின்றன, வாங்க ஆளில்லை, மீனவர்கள் கரையில் வீசிவிட்டுப் போகிறார்கள். உன் மாலா அத்தை அந்தக் காலத்தில் நம்முடையதைக் கோயில் குளத்தில் விட்டு மூன்று சுற்று சுற்றிவிட்டு வந்தாள்

மாலா: அம்மா சொன்னார்கள். புண்ணியம் என்றார்கள். எல்லாவற்றுக்கும் மாலாவா? மோட்டாரை நிறுத்தியது யார் என்று கேளேன்

கார்த்திக்: ஐயோ

செந்தில்: கரண்ட் பில்லை அப்போது நான்தான் கட்டினேன்

ரவி: அது 5 வாட் ஏர் மோட்டார். இரவு பகலாக மாதம் முழுக்க ஓடினாலும் 4 யூனிட் வராது

செந்தில்: அது இப்போது தெரிகிறது. அன்றைக்கு நீங்கள் மேடவாக்கம் போய்விட்டீர்கள். தினமும் தீனி போட்டது நான், பாசி தேய்த்தது என் மனைவி, மீன் மட்டும் உங்களுடையது

கவிதா: சரி விடுங்கள் இரண்டு பேரும்

சரோஜா: சாப்பிட்டீர்களா எல்லாரும்

செந்தில்: ம்

கார்த்திக்: ரவி மாமா, ஏற்கெனவே ஓடுகிற தொட்டியிலிருந்து ஸ்பாஞ்ச் வாங்கிப் போட்டால் சீக்கிரம் ஆகுமாமே. பெங்களூரில் என் ரூம்மேட் அப்படித்தான் செய்தான்

ரவி: ஆகும். மீன் நோயில்லாத தொட்டியாக இருக்கவேண்டும். ஸ்பாஞ்ச் வழியில் காயக்கூடாது, குழாய்த் தண்ணீரில் கழுவவும் கூடாது. மெட்ரோ வாட்டரில் இருக்கும் குளோரின் அத்தனை பாக்டீரியாவையும் கொன்றுவிடும். அந்தத் தொட்டித் தண்ணீரோடு பையில் கட்டி எடுத்துவரவேண்டும். அப்போதும் டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டினால்தான் மீன்

செந்தில்: பின் தெரு மெக்கானிக் வீட்டில் நாலு தொட்டி ஓடுகிறது. கேட்டுப் பார்க்கிறேன்

ரவி: கேள் கேள். அவரிடம் பழகிய ஸ்பாஞ்ச் இரண்டு கேள்

செந்தில்: கேட்கிறேன் என்றுதான் சொன்னேன்

ரவி: நானே ஞாயிறு காலை வருகிறேன். அப்படியே கொளத்தூர் போய் மோட்டார், புது ஸ்பாஞ்ச் ஃபில்டர், குளோரின் எடுக்கும் சொட்டு மருந்து வாங்கிவிடலாம். கரண்ட் போனால் ஓடுகிற பேட்டரி மோட்டாரும் ஒன்று. நிதினையும் கூட்டிக்கொண்டு போகிறேன்

கவிதா: கொளத்தூர் போனால் பையில் மீனோடுதான் வருவார். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

திவ்யா: 💯

ரவி: வாங்கமாட்டேன்

செந்தில்: தொட்டியை மேடவாக்கம் எப்படிக் கொண்டுபோவீர்கள்? குட்டி யானைக்கு யார் பேசுவது? லிஃப்டில் நுழையுமா?

ரவி: கவிதா, லிஃப்ட் அகலம் அளந்து சொல்

கவிதா: நான் கோயிலில் இருக்கிறேன்

மாலா: தையல் மெஷினையும் அதே வண்டியில் ஏற்றினால் எங்கள் வீட்டில் இறக்கிவிடலாம். தாம்பரம் வழியில்தானே

செந்தில்: உன்னுடையது இல்லை என்றாயே

மாலா: யாரும் எடுக்கவில்லை என்றால் என்று சொல்கிறேன்

ரவி: தாம்பரம் வழியில் இல்லை

சரோஜா: மாலா, அந்த வண்டி வரும்போது அண்டாவையும் கொடுத்து அனுப்பு

மாலா: அக்கா!!

செந்தில்: ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று மட்டும் சொல்லுங்கள், சமைக்கவேண்டும்

கார்த்திக்: நான் இல்லை

ரவி: இரண்டு. கவிதா வந்தால்

கவிதா: சனிக்கிழமை சொல்கிறேன்