தாத்தா சதாபிஷேக மலர்: எங்கள் குடும்பக் குழுவில் இன்று காலை

பெரியம்மா: மலர்ல நேத்து ராத்திரி ரெண்டு மணி நேரம் அடிச்சதெல்லாம் காணோம். சேவ் பண்ணேன், நல்லா ஞாபகம் இருக்கு. இப்ப பாத்தா பழசுதான் இருக்கு. வயித்தைக் கலக்குது.

அம்மா: ஐயோ அக்கா! அப்பாவோட சைக்கிள் கதையுமா போச்சு?

பெரியம்மா: அதுவும்தான்.

நான்: பதறாதீங்க பெரியம்மா. சேவ் பண்ணிருந்தா எங்கயும் போகாது. எதையும் மூடாதீங்க. கீழே டாஸ்க்பார்ல வேர்ட் ஐகான் மேல மவுஸை வைங்க, க்ளிக் வேண்டாம். எத்தனை சின்னப் படம் வருது?

பெரியம்மா: மூணு. ஒண்ணு விருந்தாளிங்க பட்டியல். மத்த ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு.

நான்: அந்த ரெண்டு மேலயும் ஃபைல் பேர் இருக்கும். அப்படியே படிங்க.

பெரியம்மா: "மலர்". இன்னொண்ணு "மலர் (1)".

அண்ணா: நான் மெயில்ல அனுப்பினதை ரெண்டு தடவ டவுன்லோட் பண்ணிருக்கீங்க பெரியம்மா. ரெண்டாவதுக்கு அதுவா (1) போட்டுக்கும்.

பெரியம்மா: இருக்குடா! (1)ல சைக்கிள் கதை முழுசா இருக்கு 🙏 ஆனா காலைல பண்ண திருத்தம் இதுல இல்ல. அது மலர்லதான்.

சித்தப்பா: எங்க ஆபீஸ்ல வேர்ட் 97 இருந்தப்ப இந்தக் குழப்பம் இவ்வளவு வராது. ஒரே பெரிய ஜன்னல், எல்லா ஃபைலும் அதுக்குள்ளயே. மேல விண்டோ மெனுவைத் திறந்தா எது எது திறந்திருக்குன்னு வரிசையா பேர் வரும். வேர்ட் 2000ல தனித்தனி ஜன்னலா பிரிச்சுட்டாங்க. எக்செல் 2013லதான் முழுசா பிரிஞ்சுது.

நான்: அந்தப் பட்டியல் இப்பவும் இருக்கு சித்தப்பா. வியூ, அதுல ஸ்விட்ச் விண்டோஸ். தனி ஜன்னல்லயும் நல்லது இருக்கே, ரெண்டு ஸ்க்ரீன் வச்சிருந்தா ஸ்க்ரீனுக்கு ஒண்ணா இழுத்து வச்சுக்கலாம்.

அண்ணா: ஒண்ணு மட்டும் கவனம். ஜன்னல் தனித்தனியா தெரிஞ்சாலும் உள்ள ஓடுறது பொதுவா ஒரே வேர்ட்தான். ஒரு ஃபைல் நின்னுபோச்சேன்னு டாஸ்க் மேனேஜர்ல எண்ட் டாஸ்க் குடுத்தா எல்லாமே மூடிக்கும்.

நான்: பெரியம்மா, எதுக்கு ரெண்டாவது தடவ திறந்தீங்க?

பெரியம்மா: மூணாம் பக்கத்துல அப்பா வாழ்க்கை வருஷக் கணக்கு அட்டவணை இருக்கில்ல, அதைப் பாத்துக்கிட்டே நாப்பதாம் பக்கத்துல எழுதணும். மேலயும் கீழயும் ஓடி ஓடிக் கை வலிக்குது.

நான்: அதுக்குத்தான் வியூல நியூ விண்டோன்னு ஒண்ணு இருக்கு. அதே ஃபைலுக்கு இன்னொரு ஜன்னல் திறக்கும், பேருக்குப் பின்னாடி 1, 2ன்னு நம்பர் வரும். ஒண்ணுல மூணாம் பக்கம், இன்னொண்ணுல நாப்பதாம் பக்கம். எதுல அடிச்சாலும் ஒரே ஃபைல்லதான் ஏறும். நகலே கிடையாது.

பெரியம்மா: இத்தனை வருஷமா இது தெரியாமப் போச்சே!

நான்: இப்ப நகல் ரெண்டையும் சேக்கணும். வியூ, வியூ சைட் பை சைட். பக்கத்துல பக்கத்துல வந்து நிக்கும், ஒண்ணை உருட்டினா இன்னொண்ணும் கூடவே உருளும். வித்தியாசத்தை வேர்டே காட்டணும்னா ரிவ்யூல கம்பேர். ரெண்டையும் ஒப்பிட்டு மூணாவதா ஒரு புது ஃபைல்ல குறிச்சுக் காட்டும். பழசு ரெண்டும் அப்படியே இருக்கும்.

அம்மா: மெதுவாப் பண்ணுக்கா. அவசரமே இல்ல.

பெரியம்மா: வந்துருச்சு. சேத்ததுக்கு அடிக்கோடு, எடுத்ததுக்குக் குறுக்கே கோடு. ஒரு இடத்துல 1964க்குக் கோடு போட்டு 1966னு இருக்கு. அப்பாகிட்ட கேட்டுட்டு வரேன்.

பெரியம்மா: வேலைல சேந்தது 1966தானாம். 1964ல சைக்கிள் வாங்கினாராம். ரெண்டையும் எழுதிட்டேன். சேவும் பண்ணிட்டேன், "மலர் கடைசி"னு. (1)ஐ அழிச்சுடலாமா?

நான்: இன்னைக்கு வேணாம் பெரியம்மா. அச்சுக்குப் போனப்புறம் அழிச்சுக்கலாம்.