டி.ஓ.எம். குழாயைத் ‘தையலற்ற குழாய்’ என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய அன்பர்களுக்கு வணக்கம்.

காட்டுவழி ஊர்திகளுக்கான காப்புச் சட்டகங்களைச் சொந்தப் பட்டறையில் செய்துகொள்வோருக்கான கையேட்டின் சொற்பட்டியலை நண்பர் இங்கே பகிர்ந்திருந்தார். அதிலுள்ள பல சொற்கள் எனக்கு உடன்பாடானவை. ஆனால் டி.ஓ.எம்., அதாவது உள்ளச்சின் மேல் இழுத்த குழாய்க்கு அவர் முன்மொழிந்திருக்கும் ‘தையலற்ற குழாய்’ என்பதை ஏற்க இயலவில்லை. அதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போகிறவர் தவறான பொருளை வாங்கி வருவார் என்பதால், சற்று விரிவாகவே மறுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தக் குழாய் எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். நீண்ட எஃகுப் பட்டையை உருளைகளுக்கு இடையே செலுத்தி வட்டமாக மடக்கி, சந்திக்கும் இரு விளிம்புகளையும் மின்னோட்டத்தால் சூடேற்றி அழுத்தினால் அவை ஒன்றாகப் பற்றிக்கொள்கின்றன. இதுதான் இ.ஆர்.டபிள்யூ. குழாய். அழுத்தும்போது பிதுங்கும் உலோகத்தை வெளிப்புறத்தில் சீவிவிடுகிறார்கள். உட்புறத்தில் அது பெரும்பாலும் மெல்லிய வரம்பாகத் தங்கிவிடுகிறது. அறுத்த முனைக்குள் பிசிறை அரம் போட்டு நீக்கிவிட்டு விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினால், ஓரிடத்தில் அந்த வரம்பு நெருடும். டி.ஓ.எம். என்பதும் இதே குழாயிலிருந்து தொடங்குவதுதான். பற்றவைத்த குழாயின் உள்ளே ஓர் உள்ளச்சை நிறுத்தி, வெளியே அதைவிடச் சிறிய துளையுள்ள அச்சின் வழியாக, சூடேற்றாமலேயே இழுக்கிறார்கள். பொற்கொல்லர் கம்பி இழுப்பதைப் போன்ற வேலைதான். நடுவே உள்ளச்சு இருப்பதால் வெளிவிட்டம், உள்விட்டம், கனம் மூன்றும் ஒருசேர ஒழுங்குக்கு வருகின்றன. உள் வரம்பும் நசுங்கி மறைந்துவிடும், விரலுக்கு ஒன்றும் தட்டுப்படாது. ஆனாலும் பற்றவைத்த இடம் குழாயின் உடலில் இருக்கத்தான் செய்கிறது. உண்மையிலேயே அப்படி ஓர் இடம் இல்லாத குழாய் வேறு. அது பழுக்கக் காய்ச்சிய முழு உருட்டுக் கம்பியை நடுவே துளைத்து உருவாக்கப்படுவது.

இது நுணுக்கம் பார்ப்பவர்களின் வேறுபாடு மட்டும்தானே என்று கேட்கலாம். உலகத் தானுந்துக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ., வண்டி புரண்டால் உள்ளிருப்பவரைக் காக்கும் ரோல் கேஜ் என்னும் கூட்டுக்கு, பந்தய வண்டிகளில், குளிர்நிலையில் இழுக்கப்பட்ட, பற்றவைப்பே இல்லாத கரிம எஃகுக் குழாயைத்தான் விதிக்கிறது; இழுவலிமை குறைந்தது 350 மெகாபாஸ்கல் இருக்க வேண்டும். அமெரிக்காவின் கார்ப் பந்தய மன்றமான எஸ்.சி.சி.ஏ.யின் விதிகளோ அதனோடு டி.ஓ.எம். குழாயையும் ஏற்கின்றன. நம் பட்டியலை நம்பி டி.ஓ.எம். குழாயில் கூடு கட்டிய ஒருவர், எஃப்.ஐ.ஏ. விதிப்படி நடக்கும் போட்டியின் சோதனைக்கு வண்டியைக் கொண்டுபோனால் திருப்பி அனுப்பப்படுவார். பல நாள் உழைப்பும் குழாய்க்குக் கொடுத்த பணமும் ஒரு சொல்லால் வீணாகும்.

ஆகவே இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. குழாயில் இணைப்பு உண்டா, இல்லையா என்பது ஒன்று. அது அச்சில் இழுக்கப்பட்டதா, இல்லையா என்பது மற்றொன்று. நம் நாட்டு ஆலைகள் டி.ஓ.எம். வகையைச் சி.டி.டபிள்யூ. என்று, அதாவது குளிர்நிலையில் இழுத்த பற்றவைப்புக் குழாய் என்றே குறிக்கின்றன. ஆவடியில் செய்யப்படும் குழாய்களுக்கும் இதுதான் வழக்கு. அமெரிக்கப் பெயர் உள்ளச்சை முன்னிறுத்துகிறது, நம் ஆலைகளின் பெயர் இரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்கிறது. பின்னதைப் பின்பற்றுவதே நமக்கு நல்லது.

இரண்டு விளிம்புகள் சேரும் இடத்துக்கு ‘மூட்டுவாய்’ என்ற சொல் நம்மிடம் இருக்கும்போது, துணியிலிருந்து ‘தையலை’ இரவல் வாங்க வேண்டியதில்லை. அதைச் சுருக்கி இ.ஆர்.டபிள்யூ. வகையை ‘மூட்டுக்குழாய்’ என்றும், டி.ஓ.எம்., சி.டி.டபிள்யூ. இரண்டையும் ‘இழுத்த மூட்டுக்குழாய்’ என்றும், சி.டி.எஸ். என்று விற்கப்படும், பற்றவைப்பே இல்லாமல் இழுத்த வகையை ‘இழுத்த மூட்டிலாக் குழாய்’ என்றும் வழங்கலாம். ‘உட்தண்டுக் குழாய்’ என்று மற்றோர் அன்பர் முன்மொழிந்ததை நான் தவிர்ப்பதற்குக் காரணம், அது குழாய்க்குள் தண்டு ஒன்று நிலையாக இருப்பதாக எண்ண வைக்கிறது என்பதுதான்.

அடுத்து, பைப், ட்யூப் என்ற இரண்டையும் குழாய் என்றே சொல்லலாமா என்று இங்கே அம்மையார் ஒருவர் கேட்டிருந்தார். பெயர் ஒன்றாக இருக்கலாம், அளவு சொல்லும் முறையைப் பிரித்தே ஆக வேண்டும். தண்ணீர் பைப்பை உள்வாயின் பெயரளவால் அழைக்கிறோம். ஒன்றரை அங்குலம் என்று கேட்டு வாங்கும் பைப்பின் வெளிவிட்டம் உண்மையில் 48.3 மில்லிமீட்டர். ட்யூப் என்றால் சொல்லும் அளவே வெளிவிட்டம். வளைக்கும் இயந்திரத்தின் அச்சு வெளிவிட்டத்துக்கு ஏற்ப அமைந்தது என்பதால், இதைக் குழப்பிக்கொண்டால் குழாய் அச்சில் உட்காராது, அல்லது வளைவில் நசுங்கும். வலிமையிலும் வேறுபாடு உண்டு. தண்ணீர் பைப்புக்கான ஐ.எஸ். 1239 தரம் கேட்கும் இழுவலிமை 320 மெகாபாஸ்கல்தான்; மேலே சொன்ன 350-ஐ அது உறுதி செய்வதில்லை. வண்டிகளுக்கான குழாய்க்கு ஐ.எஸ். 3074 என்று தனித் தரமே இருக்கிறது. ஜி.ஐ. பைப்பில் பூசிய துத்தநாகம் பற்றவைக்கும்போது புகையாகி, அதைச் சுவாசித்தவருக்குக் குளிர்காய்ச்சலைத் தரும் என்பதையும் கையேட்டில் மறவாமல் எழுத வேண்டும்.

குழாய் உலோகத்தின் பருமனைச் சொல்லச் ‘சுவர்த் தடிமன்’ வேண்டாம். பட்டறையில் எல்லோரும் ‘மூணு எம்.எம். கனம்’ என்றுதான் சொல்கிறார்கள், ‘கனம்’ போதும். கனத்தைக் குறிக்கும் கேஜ் எண்ணைக் கையேட்டில் தவிர்த்துவிடலாம். எண் கூடக் கூடக் கனம் குறையும் அந்த முறை புதியவரை ஏமாற்றும்; 14 கேஜ் என்பது ஏறத்தாழ 2 மில்லிமீட்டர், 10 கேஜ் என்பது 3.25 மில்லிமீட்டர்.

ரோல் கேஜுக்கு ‘உருளைக்கூடு’ என்பது பொருந்தாது. உருளுவது கூடு அன்று, வண்டி. ‘புரள்காப்புக் கூடு’ என்றால் எதிலிருந்து எதைக் காக்கிறது என்பது விளங்கிவிடும். வரையறையில் அளவும் இடம்பெறட்டும்: எஃப்.ஐ.ஏ. விதியில், முன் இருக்கைகளுக்குப் பின்னால் நிற்கும் முதன்மை வளைவுக்கு 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் கனமும், அல்லது 50 மில்லிமீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் கனமும். விட்டத்தைக் கூட்டினால் கனத்தைக் குறைக்கலாம் என்ற கணக்கு இதிலேயே அடங்கியிருக்கிறது. வளையாமல் நிற்கும் திறன் கனத்தைவிட விட்டத்தோடுதான் வேகமாக உயரும். தலைக்கவசம் அணியாமல் சாலையில் ஓட்டும் வண்டிக்குள் இந்தக் கூடு இருந்தால், மோதலில் தலை அதன் மீதே அடிபடும் என்ற எச்சரிக்கையும் அதே பக்கத்தில் வர வேண்டும். வண்டியின் முன்பக்கம் மாட்டும் இரும்புத் தடுப்பான புல் பாருக்கு எந்தச் சொல்லைத் தேர்ந்தாலும், வண்டியை மாற்றியமைப்பது பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைச் சுட்டி, 2017 டிசம்பரில் ஒன்றிய அரசு அதன்மீது நடவடிக்கை எடுக்க மாநிலங்களுக்கு எழுதியதைக் குறிப்பிடுவது நம் கடமை.

கதவுகளுக்குக் கீழே பொருத்தும் ராக் ஸ்லைடருக்குப் ‘பாறைச்சறுக்கி’ என்பது அழகாக இருக்கிறது, ஆயினும் அதன் தலையாய பணியைச் சொல்லவில்லை. வண்டியின் எடையில் பெரும்பகுதி ஒரு பாறை முனையில் இறங்கும் நேரத்தில் கதவின் கீழ்விளிம்பு நசுங்காமல் தாங்குவதே அதன் வேலை, சறுக்குவது அடுத்தது. ஏறி இறங்க வைக்கும் ஃபுட்போர்டிலிருந்து வேறுபடுத்தவும் ‘சறுக்குதாங்கி’ உதவும். இதற்கு மூட்டுக்குழாயே போதும் என்று செய்பவர்கள் உண்டு. தவறில்லை, ஆனால் வளைக்கும்போது மூட்டுவாய் வளைவின் வெளிப்புறத்தில் வராமல் பக்கவாட்டில் அமையுமாறு வைக்க வேண்டும். அங்கேதான் இழுப்பும் அமுக்கமும் மிகக் குறைவு.

வெல்டிங்குக்குப் ‘பற்றவைப்பு’ என்பதே நிலைத்துவிட்டது. இலங்கை அன்பர்கள் ‘உருக்கி ஒட்டுதல்’ என்று எழுதுவதையும் இணைச்சொல்லாகக் கொடுக்கலாம். ஒரு குழாயின் முனையை மற்றொரு குழாயின் வளைந்த உடலோடு பொருந்துமாறு வெட்டுவதற்கு ‘மீன்வாய் வெட்டு’ என்று பட்டியலில் இருக்கிறது; நான் ‘பிறைவெட்டு’ என்பேன். இந்த வெட்டில் கவனம் குறைந்தால் பிற்பாடு எதுவும் சரியாகாது. இடைவெளி பெரிதாக இருந்தால் மிக் பற்றவைப்புக் கருவியின் கம்பியை உருக்கி அதை நிரப்பிவிடலாம் என்று தோன்றும். மேலே பார்க்க நிறைவாகவும் இருக்கும், அடியில் குழாயின் உலோகம் உருகிச் சேர்ந்திருக்காது. வெட்டு முனையைச் சுற்றிலும் வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்து, நான்கு இடங்களில் புள்ளியாகப் பற்றவைத்து, கோணம் பார்த்து, எதிரெதிர்ப் பக்கங்களாக முடிப்பதே முறை. முடித்த பற்றை, அதாவது உருகி உறைந்த இணைப்பை, அழகுக்காக அரைத்து மழமழப்பாக்குவது வலுவைத் தேய்ப்பதாகும்.

இவ்விடத்தில் பட்டியலில் இல்லாத ஒரு சொல் தேவைப்படுகிறது. பற்றை ஒட்டி, உருகாமல் ஆனால் சூட்டால் தன்மை மாறிய ஒரு பட்டை இருக்கும். இழுத்த மூட்டுக்குழாய் அச்சில் இழுபட்டதால் பெற்ற கூடுதல் வலிமையை அந்தப் பட்டையில் இழந்துவிடுகிறது; குரோமோலி எனப்படும் 4130 எஃகில் சட்டென்று குளிர்ந்தால் அதே இடம் நொறுங்கும் தன்மை பெறுகிறது. குழாய் முறிவது பெரும்பாலும் பற்றில் அன்று, இந்தப் பட்டையில்தான். ‘வெப்பப் பாதிப்பு மண்டலம்’ என்று பாடநூல் நடையில் எழுதலாம். ‘சூடுதின்ற பட்டை’ என்றால் பட்டறைக்காரருக்கு உடனே புரியும் என்று நினைக்கிறேன், ஆனால் நூலுக்கு அது ஏற்குமா என்பதில் உங்கள் கருத்து தேவை. குரோமோலியை உலோகக் கலவையின் பெயராகவே விட்டுவிடலாம்; இணைப்பு மூலைகளை வலுப்படுத்தும் குஸ்ஸெட்டுக்கு ‘மூலைத்தகடு’ சரியானதே.

மூட்டுக்குழாய், இழுத்த மூட்டுக்குழாய், இழுத்த மூட்டிலாக் குழாய் ஆகிய மூன்றுக்கும் மறுப்பு இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன். இல்லையேல் கையேட்டின் குழாய்த் தேர்வு அட்டவணையில் இவற்றையே தலைப்புகளாக இடும்படி தொகுப்பாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.