முதல் கள ஆய்வுக்கு விஷப்பாம்பை எடுக்கலாமா?

அரணைவால்:
விலங்கியல் முதுகலை படிக்கிறேன். ஊர்வன பாதுகாப்பில் முனைவர் பட்டம் வரை போக ஆசை. ஆய்வேட்டுக்கு ஆறு மாதக் களப்பணி, உதவிக்கு ஓர் ஆள். ஒரு புதர்க்காட்டில் குறிப்பிட்ட விஷப்பாம்பு எத்தனை இருக்கிறது என்று மதிப்பிட நினைக்கிறேன். பாம்பு பிடிக்கப் பயிற்சி எடுத்தால் போதுமா?

செதில்:
போதாது. பாம்பைப் பிடிப்பதை விட, அது கண்ணில் படாததுதான் பெரிய சிக்கல். ஒரு முறை போனால் அந்த இனத்தைக் காணும் வாய்ப்பு 10 சதவீதம் என்று வையுங்கள். ‘இங்கே அது இல்லை’ என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல, ஒரே இடத்துக்கு 29 முறை போய் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். வாய்ப்பு 20 சதவீதமானால் 14 முறை போதும். இருக்கிறதா, இல்லையா என்பதற்கே இந்தப் பாடு.

எண்ணிக்கைக்குக் குறியிட்டு மீளப் பிடிக்க வேண்டும். மீளப்பிடிப்பிலிருந்து மொத்த எண்ணிக்கையை மதிப்பிடும் சாப்மன் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். முதல் சுற்றில் 40 குறியிட்டீர்கள். இரண்டாம் சுற்றில் 35 கிடைத்தன. அவற்றில் 8 குறியுள்ளவை. (41 × 36 ÷ 9) − 1 = 163. அந்த 8 வெறும் 2 ஆகிவிட்டால் விடை 491. ஆறு விலங்குகளில் மதிப்பீடு மூன்று மடங்கு எகிறுகிறது. பாம்பில் மீளப்பிடிப்பு பெரும்பாலும் இப்படித்தான் சொற்பமாக வரும். அதனால் பகலில் நடமாடும், அடர்த்தியாக வாழும் அரணையையோ ஓணானையோ எடுங்கள். பாம்புதான் வேண்டுமென்றால் கேள்வியை மாற்றுங்கள்: எந்த வகை வாழிடத்தில் தென்படுகிறது என்பது ஆறு மாதத்தில் செய்யக்கூடியது.

களப்பை:
செதில் சொன்னதை ஆமோதிக்கிறேன். குறியிடுவதிலும் இனத்துக்கு இனம் சங்கடம் உண்டு. பல்லி மேல் பூசிய பெயின்ட், தோல் உரித்ததும் போய்விடும். பிறகு அது ‘புது’ விலங்காகக் கணக்கில் ஏறி மதிப்பீட்டை ஊதிவிடும். விரல் நுனி வெட்டுவது நிலைக்கும், ஆனால் மரமேறும் இனங்களுக்கு அது பிடிமானத்தைக் கெடுக்கலாம். உடலில் மாறாத புள்ளிக்கோலம் இருந்தால் புகைப்படமே நல்ல குறி. பாம்புக்கும் பெரிய பல்லிக்கும் 12 மி.மீ. பிட் சிப் (ஊசியால் உடலுக்குள் செலுத்தும் அடையாளச் சில்லு), சிறியவற்றுக்கு 8 மி.மீ. ஊசித்துளையைத் திசுப்பசையால் மூடாவிட்டால் சிப் வெளியே வந்துவிடும். விடும் முன் ஒருமுறை ஸ்கேன் செய்யுங்கள். சிப் 134.2 கிலோஹெர்ட்ஸ், ரீடர் 125 மட்டும் என்றால் எதுவும் படிக்காது, வாங்கும்போதே பாருங்கள்.

நடமாட்டத்தைப் பின்தொடர உதவும் ரேடியோ டிரான்ஸ்மிட்டரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். எடை உடல் எடையில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான வரம்பு. பாம்பில் நீண்டகாலம் நிலைக்க, மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்து உள்ளே வைக்க வேண்டும். அது கால்நடை மருத்துவர் வேலை.

விஷப்பாம்பை அளக்க நேர்ந்தால் ஒளிபுகும் குழாய் கட்டாயம். பாம்பு உள்ளே திரும்ப முடியாத அளவுக்கு ஒடுக்கமாக இருக்கட்டும். உடலின் முன்பகுதி உள்ளே போனதும் குழாயின் வாயையும் உடலையும் சேர்த்து ஒரே கையால் பிடியுங்கள். அந்த இனத்துக்கான விஷமுறிவு மருந்து எந்த மருத்துவமனையில் இருக்கிறது, போய்ச்சேர எவ்வளவு நேரம் என்று தெரியாமல் களத்தில் இறங்காதீர்கள்.

அரணைவால்:
மிக்க நன்றி. அரணைக்கே மாறுகிறேன். குழிப்பொறி வைக்கலாமா? என்னென்ன பதிய வேண்டும்?

களப்பை:
வைக்கலாம். 20 லிட்டர் வாளியை விளிம்பு தரைமட்டத்துக்கு வரும்படி புதைத்து, நடுவே தடுப்பு வேலி ஓட்டுங்கள். அடியில் துளையில்லாவிட்டால் ஒரே மழையில் உள்ளே விழுந்தவை மூழ்கும். ஈரப் பஞ்சும் நிழலுக்கு மரப்பட்டையும் போடுங்கள். விடிந்ததும், வெயில் ஏறும் முன் பாருங்கள். எறும்பு மொய்த்தால் அந்த வாளியை அன்றே மூடுங்கள். வேலை இல்லாத நாட்களில் எல்லா வாளிக்கும் மூடி.

தரவுத்தாளில் இவற்றைப் பதியுங்கள்:
மூக்கு முதல் மலப்புழை வரையிலான நீளம், எடை, பால் (ஆணா பெண்ணா), நேரம், தரை வெப்பநிலை. மொத்த நீளத்தை நம்பாதீர்கள். அரணை வாலை உதிர்க்கும், மீண்டும் வளர்ந்த வாலைத் தனியாகக் குறியுங்கள். எதுவும் கிடைக்காத நாளையும், எத்தனை வாளி திறந்திருந்தது என்பதையும் எழுதுங்கள். இதை விட்டுவிட்டால் கண்டறியும் வாய்ப்பைக் கணக்கிடவே முடியாது. பல ஆய்வேடுகள் தடுமாறுவது இங்கேதான்.

வனத்துறை அனுமதியும் விலங்கு நெறிக்குழு ஒப்புதலும் வெவ்வேறு. இரண்டுக்கும் மாதக்கணக்கில் ஆகலாம், இப்போதே விண்ணப்பியுங்கள். காத்திருக்கும் நாளில் ஆர் (R) என்ற புள்ளியியல் கணினி மொழியில் பொய்த்தரவு உருவாக்கி, உங்கள் திட்டத்தில் எத்தனை மீளப்பிடிப்பு வரும் என்று ஓட்டிப் பாருங்கள். முனைவர் பட்ட நேர்காணலில் பிடித்த பாம்புகளின் பட்டியலை விட இந்தக் கணக்குக்கு மதிப்பு அதிகம்.

அரணை என்று குறைவாக எண்ண வேண்டாம். 2022இல் வந்த உலகளாவிய மதிப்பீடு 10,196 ஊர்வன இனங்களைப் பார்த்து, குறைந்தது 21 சதவீதம் அழியும் ஆபத்தில் இருப்பதாகச் சொன்னது. உங்கள் இனம் அரிதானது என்றால் துல்லியமான ஜிபிஎஸ் புள்ளிகளை ஆய்வேட்டில் அச்சிடாதீர்கள். கடத்துபவர்களும் படிக்கிறார்கள்.