உறையூர் வீட்டுப் பழைய வயர்

கவிதா, காலை 8:40
சித்தப்பா, உறையூர் வீட்டில் வயரிங் வேலை நேற்றோடு முடிந்தது. கழற்றிய பழைய வயர் இரண்டு சாக்கு இருக்கிறது. அது வேலை செய்தவர்களுக்குத்தான், அதுதான் வழக்கம் என்று எலக்ட்ரீஷியன் சொன்னார், கூலி பேசும்போது அப்படிப் பேசவில்லையே தம்பி என்று அம்மா கேட்டதும் விட்டுவிட்டார். இப்போது தெருவில் வந்த பழைய இரும்புக்காரர் சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு மொத்தமாக 4,000 ரூபாய் தருகிறேன் என்கிறார். கொடுத்துவிடலாமா?

கோவை சித்தப்பா, 8:52
கொடுக்காதே. எடை போட்டாயா?

கவிதா, 8:55
எடை பார்க்கும் மெஷினில் சாக்கோடு ஒரு தடவை, சாக்கு இல்லாமல் ஒரு தடவை ஏறிப் பார்த்தேன். இரண்டும் சேர்ந்து 18 கிலோவுக்கு மேல் வருகிறது.

கோவை சித்தப்பா, 9:10
அப்படியானால் அவசரமே வேண்டாம். முதலில் திண்ணையில் கொட்டிப் பிரி. மெயின், மோட்டார், சமையலறைக்குப் போன தடித்த வயர் ஒரு குவியல். லைட், ஃபேனுக்குப் போன மெல்லியது ஒரு குவியல். டேபிள் ஃபேன், டிவி வயர் மாதிரி மயிரிழை இழையாக இருப்பது தனி. அலுமினியம் தனி. எல்லாம் கலந்து கிடந்தால் கடைக்காரர் மட்டமானதற்கு என்ன விலையோ அதைத்தான் மொத்தத்துக்கும் போடுவார், அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

முரளி, 9:14
அக்கா, இவ்வளவு எதற்கு? பின்பக்கக் காலி மனையில் போட்டுக் கொளுத்தினால் தோல் எல்லாம் போய்விடும், வெறும் செம்பை எடுத்துக்கொண்டு போகலாமே.

கோவை சித்தப்பா, 9:31
முரளி, அதை மட்டும் செய்யாதே. வைண்டிங் கடை வைத்திருந்த காலத்தில் நானே செய்த தப்பு அது. எரிந்துபோன மோட்டாரில் பழைய சுருளை எடுக்கக் கடைக்குப் பின்னால் வைத்துத் தீ மூட்டுவோம், கூடவே துண்டு வயரையும் போடுவோம். தீ பச்சையாக எரியும். வயர்த் தோலான பிவிசி பிளாஸ்டிக்கில் இருக்கும் குளோரினும் செம்பும் சேர்ந்தால் வருகிற பச்சை அது. அந்தப் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கிறது, மூச்சுக் குழாயை அரிக்கும். டையாக்சின் என்ற கொடிய நஞ்சும் இருக்கிறது, அது உண்டாவதற்குச் செம்பே துணை செய்கிறது என்பதை நான் ரொம்பப் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். என்னிடம் வேலை பார்த்த பையன் ஒருவன் ராத்திரி முழுக்க இருமுவான், தூசி என்று நினைத்து வெல்லமும் மிளகும் கொடுத்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு பொறுக்கவில்லை.
இன்னொன்று, எரித்த செம்பு கருத்துப்போய் மெல்லிய இழை தொட்டால் ஒடியும், அதற்கு விலையும் குறைவு. திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று பசுமைத் தீர்ப்பாயம் 2016லேயே உத்தரவு போட்டிருக்கிறது.

சரோஜா அத்தை, 9:40
சின்ன அண்ணா சொல்வதைக் கேள் முரளி. போன வருஷம் எங்கள் வாழைத் தோட்டத்தில் கிணற்று மோட்டார் கேபிளை அறுத்துக்கொண்டு போனார்களே, மூன்றாம் நாள் வாய்க்கால் கரையில் கருப்புச் சாம்பலும் உருகிய தோலும் கிடந்தது. எட்டு நாள் தண்ணீர் பாய்ச்ச முடியாமல் குலை தள்ளிய வாழை வாடி நின்றது. எரித்த செம்பைக் கொண்டுபோனால் இது திருட்டுக் கேபிளோ என்றுதான் கடையில் பார்ப்பார்கள், பார்க்கவும் வேண்டும்.

முரளி, 9:43
சரி அத்தை, தெரியாமல் சொல்லிவிட்டேன். வேண்டாம்.

கவிதா, மதியம் 12:20
பிரித்துவிட்டேன் சித்தப்பா. தடித்தது 5.2 கிலோ, மெல்லியது 6.9, இழை வயர் 1.6. மீதி வெள்ளையாக இருக்கிறது, அலுமினியம், 4.7.

கோவை சித்தப்பா, 12:24
அந்த வெள்ளையில் கருப்பு ரப்பர் தோல், மேலே நூல் பின்னல் மாதிரி ஏதாவது இருக்கிறதா பார். தாத்தா காலத்தில் மரப் பட்டையில் கிளிப் அடித்து ஓட்டிய வயர் அது.

கவிதா, 12:31
இருக்கிறது! தோல் தொட்டாலே பொடிப்பொடியாக உதிர்கிறது.

கோவை சித்தப்பா, 12:38
கத்தியால் கம்பியைச் சுரண்டு, இல்லை வெட்டிய முனையைப் பார். சிவப்பாகத் தெரிந்தால் செம்பு. ரப்பரில் இருக்கும் கந்தகம் செம்பை அரித்துவிடும் என்பதால் அந்தக் காலத்தில் வெள்ளீயம் பூசித்தான் போடுவார்கள், அதனால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. சுரண்டியும் வெள்ளையாகவே இருந்து, கையில் எடுத்தால் லேசாக இருந்தால்தான் அலுமினியம்.

கவிதா, 12:50
சிவப்பு! 1.2 கிலோ அதில் இருக்கிறது. அலுமினியத்தோடு போட்டுக் கொடுத்திருப்பேன்.

அம்மா, 12:52
உங்கள் அப்பா இருந்திருந்தால் ஒரு பார்வையிலேயே சொல்லியிருப்பார். அந்தப் பொடி வீடெல்லாம் பறக்கிறது தம்பி, பாப்பா தவழ்கிற இடம்.

கோவை சித்தப்பா, 12:58
அண்ணி, ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், பாப்பாவை அந்தப் பக்கம் விடவே வேண்டாம். பழைய வயர்த் தோலில் ஈயம் இருக்கலாம். கவிதா, நீயும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பிடாதே.
அப்புறம், சமையலறைத் தராசில் தடித்த வயர் சரியாக 200 கிராம் வெட்டி வை. தோலை உரித்துச் செம்பை மட்டும் நிறுத்துச் சொல்.

கவிதா, 1:25
134 கிராம். மெல்லியதில் அதே 200க்கு 120தான் வந்தது. இழை வயரில் 84.

கோவை சித்தப்பா, 1:40
பார்த்தாயா, இந்தக் கணக்கு கையில் இல்லாமல் கடைக்குப் போகக் கூடாது. உரித்த செம்புக்கு அங்கே இன்று என்ன விலை?

கவிதா, 1:44
போனில் கேட்டேன். உரித்தது 750, தோலோடு 380 என்றார்கள்.

கோவை சித்தப்பா, 1:57
அப்படியானால் தோலோடு இருக்கும் ஒரு கிலோ தடித்த வயருக்குள் 500 ரூபாய்க்குச் செம்பு இருக்கிறது, அதை 380க்குக் கொடுக்காதே, உரி. மெல்லியதில் 450க்குத்தான் இருக்கிறது, அதை உட்கார்ந்து உரித்தால் இரண்டு நாள் போய் விரல்தான் புண்ணாகும். அப்படியே கொடு, ஆனால் 200க்கு 120 வருகிறது என்று சொல்லி 410 கேள். உரிக்கிற கூலி அவருக்கும் நிற்க வேண்டும், அதற்கு மேல் இழுக்காதே. இழை வயரைத் தொடவே வேண்டாம்.
உரிக்கிற வயரை முழ நீளத்துக்கு வெட்டி மொட்டை மாடி வெயிலில் ஒரு மணி நேரம் பரப்பு, தோல் இளகிவிடும். பலகையில் வைத்து, கத்தியைப் படுக்கையாகப் பிடித்து உன் உடம்புக்கு எதிர்ப்பக்கம் தள்ளிக் கீறு. ஒரு கீறல் போதும், மீதி வாழைப்பட்டை மாதிரி உரிந்து வரும். கையுறை போட்டுக்கொள். உரித்த தோலையும் அதே கடையில் கொடு.

முரளி, 2:05
அக்கா, சனிக்கிழமை சென்னையிலிருந்து வருகிறேன், நான் உரித்துத் தருகிறேன். நீ கத்தியைத் தொடாதே.

கவிதா, ஞாயிறு, மாலை 5:15
கடைக்குப் போய் வந்துவிட்டோம். தராசில் இந்த வருஷ முத்திரை இருந்தது, வெறும் தட்டில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வைத்தோம். உரித்தது 3.4 கிலோ, 750 வீதம் 2,550. மெல்லியது 410க்கே ஒத்துக்கொண்டார், 2,829. இழை வயர் 260 போட்டு 416. வெள்ளீயம் பூசியது 400 வீதம் 480. அலுமினியம் 70 போட்டு 245. மொத்தம் 6,520. பெயர், போன் நம்பர் எழுதிக்கொண்டார், வயரிங் பில்லையும் காட்டச் சொன்னார்.

சரோஜா அத்தை, 5:22
பில் கேட்கிற கடையா, அந்த இடத்தை எனக்கும் அனுப்பு. மோட்டார் ரூமில் எரிந்துபோன பழைய சுருள் ஒன்று கிடக்கிறது. அதையும் உரிக்க வேண்டுமா சின்ன அண்ணா?

கோவை சித்தப்பா, 5:30
அதில் உரிக்க ஒன்றும் இல்லை சரோஜா, மேலே எனாமல் பூச்சுதான், அதற்குத் தனி விலை. சுருள் உட்கார்ந்திருக்கும் இரும்புப் பட்டையிலிருந்து செம்பைப் பிரித்தால்தான் நல்ல விலை கிடைக்கும், அப்படியே கொடுத்தால் இரும்பு எடையோடு போய்விடும். நீ கை வைக்காதே. அடுத்த வாரம் முசிறி வருகிறேன், நானே எடுத்துத் தருகிறேன்.