கிராபிக்ஸ் கார்டில் ஒரு ஃபேன் நின்றுவிட்டது: கார்டையே மாற்ற வேண்டுமா?

ரங்கூன் வீடியோக்காரர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ரங்கூனில், அனோரத்தா சாலைக் காளியம்மன் கோயிலிலிருந்து நடக்கும் தூரத்தில், மூன்றாவது மாடியில் ஓர் அறை வைத்துக் கல்யாணம், காதுகுத்து, தீமிதி வீடியோக்களை வெட்டித் தொகுத்துக் கொடுக்கிறேன். கணினியில் இருப்பது ஜிடிஎக்ஸ் 960 என்ற கிராபிக்ஸ் கார்டு, 4 ஜிபி. 2015-இல் வந்த ரகம். நான் 2018-இல் பழையதாக வாங்கினேன். இத்தனை வருடம் எனக்குச் சோறு போட்ட கார்டு.

இரண்டு ஃபேன்களில் வலப்பக்கத்து ஃபேன், போன மாதம் காலையில் இயக்கும்போது மட்டும் கரகரத்தது. பிறகு நாள் முழுக்கக் கரகரத்தது. போன வாரம் சத்தம் நின்றது. தானாகச் சரியாகிவிட்டது என்று மகிழ்ந்துபோய் எட்டிப் பார்த்தால், நின்றது சத்தம் மட்டுமல்ல.

கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, மேசை விசிறியை நேராக வைத்தேன். வேலை நடக்கும்போது கார்டின் சூடு 74 டிகிரியைத் தாண்டவில்லை. போதும் என்று நினைத்தேன். ஆனால் இங்கே மின்சாரம் முறைவைத்து வருகிறது. மின்சாரம் போனால் கணினி இன்வெர்ட்டரில் ஓடும். மேசை விசிறி அந்த லைனில் இல்லை. வெள்ளிக்கிழமை இரவு வெட்டித் தொகுத்த ஒரு கல்யாண வீடியோவைக் கோப்பாக உருவாக்க ஓடவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் திரை கறுப்பு. தாலி கட்டும் காட்சிக்கு இரண்டு நிமிடம் முன்னால் கணினி அணைந்திருக்கிறது. அந்தப் பெண்ணின் தாயார் தினமும் இரண்டு முறை தொலைபேசியில் அழைக்கிறார்.

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கார்டைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், "இதற்கு ஃபேன் கிடைக்காது, வேறு கார்டு வாங்குங்கள்" என்றார்கள். சைக்கிள் டயர் பஞ்சரானால் சைக்கிளை மாற்றச் சொல்கிற கதை. ஃபேனை மட்டும் மாற்ற வழி உண்டா?

மோல்மீன் ரேடியோ எழுதியது:

அண்ணே, உண்டு. ஆனால் முதலில் ஃபேன் செத்துவிட்டதா என்று உறுதிசெய்யுங்கள். அந்தக் காலத்துக் கார்டுகள் பலவற்றில், சூடு 60 டிகிரியை நெருங்கும்வரை ஃபேன் சுற்றாமல் நிற்பது இயல்பு. அதைப் பழுது என்று நினைத்து என்னிடம் கொண்டுவந்தவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்குக் கரகரப்பு இருந்ததால் அது இல்லை என்றே நினைக்கிறேன். எதற்கும் கணினியை அணைத்து, மின்கம்பியையும் பிடுங்கிவிட்டு, இறக்கையை விரலால் லேசாகத் தட்டுங்கள். நல்ல ஃபேன் நாலைந்து சுற்று சுற்றி ஓயும். தட்டிய இடத்திலேயே நின்றால் உள்ளே புஷ், அதாவது தண்டு சுற்றும் குழாய், வறண்டுவிட்டது. பால் பேரிங் (சின்ன உலோகக் குண்டுகள்) இல்லாத மலிவு ஃபேன்களுக்கு இதுதான் வழக்கமான முடிவு. நம் ஊர் வெயிலும் தூசியும் கொஞ்சம் சீக்கிரமாகக் கொண்டுவந்து சேர்க்கும்.

இன்னொன்று. எண்ணெய் ஏதாவது விட்டீர்களா? உண்மையைச் சொல்லுங்கள்.

ரங்கூன் வீடியோக்காரர் எழுதியது:

தம்பி, நீ எங்கள் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாயா? விட்டேன். நடுவில் இருக்கும் ஸ்டிக்கரை உரித்து, சாமி விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெய் இரண்டு சொட்டு. இரண்டு நாள் பட்டுப்போல ஓடியது. மூன்றாம் நாள்தான் ஒரேயடியாக நின்றது. இப்போது தட்டினால் பாகில் விழுந்த ஈ மாதிரி அசைகிறது. வீட்டுக்காரிக்கு இது தெரியாது, சாமி விளக்கு எண்ணெய் குறைந்ததற்குப் பூனையின்மேல் பழி போயிருக்கிறது.

சிரியம் சின்னவன் எழுதியது:

டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடித்துவிடுங்கள் அண்ணா, எல்லாம் சரியாகிவிடும்.

மோல்மீன் ரேடியோ எழுதியது:

சரியாகாது. துருப்பிடித்த போல்ட்டைக் கழற்ற அது நல்லது. ஃபேனில் அடித்தால் உள்ளே மிச்சமிருக்கும் உயவையும் கரைத்துக்கொண்டு ஆவியாகிவிடும். சமையல் எண்ணெய் நேர்மாறு: சூட்டில் பிசினாகி ஒட்டிக்கொள்ளும். விட வேண்டியது தையல் மெஷின் எண்ணெய், ஒரே ஒரு சொட்டு. அதுவும் தேய்ந்துபோன புஷ்ஷுக்குச் சில வாரமோ சில மாதமோதான் தாங்கும்.

நிரந்தர வழி, ஃபேனை மாற்றுவது. கார்டின் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாரும் "இல்லை" என்றுதான் சொல்வார்கள். ஃபேனின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இறக்கையின் நடுவிலோ பின்புறத்திலோ இருக்கும் ஸ்டிக்கரில் நீளமாக ஓர் எண் இருக்கும், கூடவே 12 வோல்ட், இத்தனை ஆம்பியர் என்று இருக்கும். அந்த எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு இறக்கையின் குறுக்களவு, திருகு துளைக்குத் துளை உள்ள தூரம், கம்பிகள் எத்தனை, இரண்டு ஃபேனும் ஒரே பிளக்கில் சேர்கின்றனவா என்று பாருங்கள். துளைத் தூரம் ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் உட்காராது. செத்த கார்டுகளைக் குவித்து வைத்திருக்கும் பழுதுபார்ப்பவர்களிடம் ஸ்கேலோடு போனால் பொருந்துவது அகப்படலாம். வாங்குவதற்கு முன் ஒன்று பாருங்கள்: காற்று ஹீட்சிங்கை, அதாவது சிப்பின் சூட்டை வாங்கும் உலோகத் தகடுகளை, நோக்கி வர வேண்டும். சில இரட்டை ஃபேன் கார்டுகளில் இடமும் வலமும் எதிரெதிராகச் சுற்றும்.

மாந்தலே மாணவி எழுதியது:

ஐயா, ஃபேன் கிடைக்கும்வரை அந்த அம்மாவுக்கு வீடியோ கொடுத்தாக வேண்டுமே. இரண்டு காரியம் செய்யுங்கள்.

ஒன்று, செலவே இல்லாதது. கார்டைக் கட்டுப்படுத்தும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பவர் லிமிட்டை (கார்டு இழுக்கும் மின்சாரத்தின் வரம்பை) 70 சதவீதத்துக்கு இறக்குங்கள். உங்கள் கார்டு முழு வேகத்தில் 120 வாட் வரை இழுக்கும் ரகம். அது சுமார் 84 வாட்டுக்கு அடங்கும். வேகம் கொஞ்சம் குறையும், சூடு நிறையக் குறையும். இந்த ரகத்துக்கு உச்சவரம்பு 98 டிகிரி. அதை எட்டுவதற்கு முன்பே கார்டு தானாக வேகத்தைக் குறைக்கும். அதையும் மீறினால்தான் அணைகிறது. உங்களுக்கு அணைந்திருக்கிறது என்றால் நிலைமை மோசம்.

இரண்டாவது, பழைய ஃபேன்களையும் பிளாஸ்டிக் மூடியையும் கழற்றிவிட்டு, சாதாரண 92 மி.மீ. கேபினெட் ஃபேன் இரண்டை ஹீட்சிங்கின்மேல் நைலான் டையால் கட்டுவது. என் அண்ணனின் கார்டு ஒன்றரை வருடமாக அப்படித்தான் ஓடுகிறது. பார்க்க அறுவை சிகிச்சை முடிந்த ஆள்போல இருக்கும். அந்த ஃபேன்கள் 25 மி.மீ. தடிமன், ஆகவே மதர்போர்டில் கார்டுக்குக் கீழேயுள்ள ஸ்லாட்டுகள் காலியாக இருக்க வேண்டும். மூடியைப் பிடிக்கும் திருகுகளை மட்டும் கழற்றுங்கள். சிப்பைச் சுற்றி ஸ்பிரிங் வைத்த நான்கு திருகுகளைத் தொட்டால் ஹீட்சிங்க் நகரும், இடையில் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகப் பூச வேண்டி வரும். கார்டிலுள்ள ஃபேன் பிளக் சிறியது. மதர்போர்டு ஃபேனின் பிளக் அதில் நுழையாது. அதனால் மதர்போர்டிலேயே சொருகுங்கள்.

ரங்கூன் வீடியோக்காரர் எழுதியது:

ஐந்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

ஞாயிற்றுக்கிழமை கட்டினேன். 92 மி.மீ. ஃபேன் இரண்டு, நைலான் டை ஆறு. வீடியோவை ஓடவிட்டேன். பத்து நிமிடத்தில் 88 டிகிரி! ஃபேன் சோம்பலாகச் சுற்றுகிறது. என் கைவேலைமேல் சந்தேகம் வந்து, அவிழ்த்து மறுபடி கட்டினேன். அப்போதும் 88. ஒரு மணிநேரம் மண்டையை உடைத்த பிறகு புரிந்தது: மதர்போர்டு அந்த ஃபேனின் வேகத்தை பிராசசரின் சூட்டைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறது. பிராசசர் நிம்மதியாக இருக்கிறது, வெந்துகொண்டிருப்பது கார்டு. அடுத்த வீட்டில் தீப்பிடித்தால் இவர் ஏன் எழுந்திருக்கப் போகிறார்? மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய் அந்த இணைப்பை எப்போதும் 80 சதவீதம் என்று நிலைநிறுத்தினேன். பவர் லிமிட் 70. இப்போது அறை 34 டிகிரியில் இருக்கும்போது கார்டு 67. மாணவி அம்மா இதை முன்பே சொல்லியிருந்தால் ஒரு ஞாயிறு மிஞ்சியிருக்கும், ஆனாலும் நன்றி.

இந்த ஃபேன்கள் கணினியோடு சேர்ந்து இன்வெர்ட்டரிலேயே ஓடுகின்றன. நேற்று இரவு இரண்டு முறை மின்சாரம் போனது, தாலி கட்டி முடிந்தது. காலையில் வீடியோவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மோல்மீன் தம்பி, ஸ்கேலை எடுத்துக்கொண்டு மூன்று பேரிடம் ஏறி இறங்கினேன். துளைத் தூரம் 40 மி.மீ. என் ஃபேன் எண்ணிலேயே ஒன்று, செத்த கார்டு ஒன்றில் இருந்தது. ஆனால் கார்டோடு சேர்த்துத்தான் தருவேன் என்கிறார். பேரம் நடக்கிறது. அந்த நல்லெண்ணெய் ஃபேனைத் தூக்கிப் போட்டுவிடட்டுமா?

மோல்மீன் ரேடியோ எழுதியது:

போடாதீர்கள் அண்ணே. இறக்கையைத் தனியே பிடித்து மெதுவாக மேலே இழுங்கள். சிலவற்றில் வந்துவிடும், சிலவற்றில் அடியில் ஒரு சின்ன வாஷர் பிடித்திருக்கும், அதை ஊசியால் எடுக்க வேண்டும். தண்டையும் புஷ்ஷையும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் பிசின் போகத் துடைத்து, காயவிட்டு, மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தண்டு ஆடாமல் இருந்தால் அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஆடினால் பேரத்தை முடித்துவிடுங்கள்.