மறு: சைபர் ஸ்குவாட்டிங் – 'பெயர்ப்பதுக்கல்' என்று சொல்லலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பிறருடைய வணிகப் பெயரை இணைய முகவரியாக முந்திப் பதிந்துவைத்துக்கொண்டு ஆதாயம் தேடுவதைச் சைபர் ஸ்குவாட்டிங் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடி நான்கு நாள்களாக ஓடும் இந்த இழையில் 'இணைய ஆக்கிரமிப்பு' என்ற சொல்லுக்கே பெரும்பாலோர் கைதூக்கியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணத்தைச் சொல்லிவிட்டு என் சொல்லை முன்வைக்கிறேன்.

ஆக்கிரமிப்பு என்றால் நம் ஊரில் என்ன? ஏரிப் புறம்போக்கில் வீடு கட்டுவது, கோயில் நிலத்தில் கடை போடுவது, நடைபாதையில் வாசற்படியை இறக்குவது. செய்தவர் கையில் பட்டா இருக்காது. களப்பெயரில், அதாவது இணையத்தள முகவரியாகப் பதியும் பெயரில் (domain name), நிலைமை வேறு. பெயர் காலியாக இருந்தது; ஒருவர் களப்பெயர் பதிந்துதரும் பதிவாளரிடம் முறைப்படி பணம் கட்டினார்; கொடுத்துவிட்டார்கள். பட்டா அவர் பெயரில்தான் இருக்கிறது! எந்த எண்ணத்தோடு வாங்கினார், வாங்கி என்ன செய்கிறார் என்பதில்தான் வழக்கே இருக்கிறது.

உலக அளவில் களப்பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகேன் (ICANN) அமைப்பு 1999இல் கொண்டுவந்த தகராறுத் தீர்வுக் கொள்கையைப் பாருங்கள். புகார் கொடுப்பவர் மூன்றையும் நிறுவ வேண்டும். அந்தக் களப்பெயர் தம் வணிகக்குறியோடு (trademark) ஒன்றாகவோ குழப்பும் அளவுக்கு ஒத்ததாகவோ இருக்க வேண்டும். வைத்திருப்பவருக்கு அந்தப் பெயரில் நியாயமான உரிமையோ நலனோ இருக்கக் கூடாது. தீய எண்ணத்தோடு பதிந்து, தீய எண்ணத்தோடு பயன்படுத்தியிருக்க வேண்டும். இந்த மூன்றாவதைத் தாங்காத சொல் நமக்குப் பயன்படாது.

நான் முன்வைப்பது 'பெயர்ப்பதுக்கல்'.

தட்டுப்பாட்டுக் காலத்தில் அரிசி மூட்டைகளைக் கிடங்கில் அடுக்கிவைத்துக்கொண்டு விலை ஏறட்டும் என்று காத்திருப்பவரைப் பதுக்கல்காரர் என்கிறோம். மூட்டை அவர் காசு கொடுத்து வாங்கியதுதான். ரசீதும் இருக்கும். ஆனாலும் அவர் செய்வது தவறு என்று அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. அமெரிக்காவில் பனாவிஷன் என்ற திரைப்படக் கேமரா நிறுவனத்துக்கு நடந்ததும் இதுதான். 1990களில் அந்தப் பெயரை ஒருவர் முன்கூட்டியே பதிந்துகொண்டு, பானா என்ற சிற்றூரின் வான்வழிப் படங்களை அங்கே போட்டுவைத்தார். நிறுவனம் கேட்டபோது, 13,000 டாலர் கொடுத்தால் தருகிறேன் என்றார். 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. அவர் அந்த நிறுவனத்தின் பெயரை மட்டும் பதியவில்லை. வேறு பல நிறுவனங்களின் பெயர்களையும் பதிந்து வைத்திருந்தார். கிடங்கு, மூட்டை, விலை எல்லாமே அதில் இருக்கின்றன.

'பதுக்கல் என்றால் ஒளித்துவைத்தல். இங்கே பெயர் எல்லார் கண்ணிலும் படுகிறதே' என்று நேற்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. கண்ணில் படுகிறது, கைக்குக் கிடைப்பதில்லை. அதுதான் என் பதில். 2000ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் டெல்ஸ்ட்ரா நிறுவனம் உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பிடம் கொண்டுபோன வழக்கில், பெயரைப் பதிந்தவர் அதில் தளம் எதுவும் நடத்தவில்லை. விற்கிறேன் என்றும் சொல்லவில்லை. சும்மா வைத்திருந்தார். சூழ்நிலையைப் பொறுத்து, அப்படிச் சும்மா வைத்திருப்பதும் தீய எண்ணத்தோடு பயன்படுத்துவதே ஆகலாம் என்று தீர்வாளர் முடிவுசெய்தார். இதைப் 'பதுக்கல்' தாங்குகிறது. 'ஆக்கிரமிப்பு' தாங்காது.

இன்னொருவர் சொன்ன 'துண்டுபோடல்' எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் பஸ்ஸில் துண்டு போடுகிறவர் தாம் உட்காரத்தான் போடுகிறார். இங்கே உட்காரும் எண்ணமே கிடையாது.

எனக்கு இது ஏட்டுச் சிக்கலும் இல்லை. கும்பகோணத்தில் காப்பித்தூள் கடை வைத்திருக்கும் என் நண்பர் சென்ற ஆண்டு களப்பெயரைப் புதுப்பிக்கத் தவறிவிட்டார். நினைவூட்டல் மடல்கள் எல்லாம், வேலையை விட்டுப் போன கணக்கரின் முகவரிக்குப் போய்க்கொண்டிருந்திருக்கின்றன. ஒருநாள் காலையில் தளத்தைத் திறந்தால், கடையின் படமும் விலைப்பட்டியலும் இருந்த இடத்தில் 'இந்தப் பெயர் விற்பனைக்கு' என்ற ஒற்றை வரி. அவர் என்னிடம், 'என் பெயரைப் பதுக்கி வைத்துக்கொண்டு என்னிடமே விலை பேசுகிறான்' என்றார். சொல் எனக்கு அங்கேதான் கிடைத்தது.

சொல்லின் எல்லையையும் இறுக்கமாக வைத்துக்கொள்வோம். 2004இல் நம் உச்ச நீதிமன்றம் தீர்த்த சத்யம் இன்ஃபோவே என்ற இணைய நிறுவனத்தின் வழக்கை இங்கே எடுத்துக்காட்டாகப் போட்டிருந்தார்கள். 'சிஃபி' என்பது அந்த நிறுவனம் தன் பெயரிலிருந்தே ஆக்கிக்கொண்ட சொல். எதிர்த்தரப்பு ஆங்கிலத்தில் ஓர் எஃப் எழுத்தைக் கூட்டி அதே போன்ற பெயரில் தொழில் நடத்தியது. களப்பெயருக்கும் வணிகக்குறிச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்று நிலைநாட்டியதால் அந்தத் தீர்ப்பு நமக்கு மிக முக்கியமானது. ஆனால் அது பதுக்கல் வழக்கு அன்று. ஒருவர் சரக்கை இன்னொருவர் சரக்கென்று வாடிக்கையாளர் மயங்குவதைப் பற்றியது. அதற்குப் 'பெயர்மயக்கு' என்று தனிச்சொல் வைக்கலாம்.

எதிர்த்திசையிலும் ஒரு தவறு உண்டு; அதற்குப் 'பெயர்ப்பறிப்பு' என்பேன். நியாயமாகப் பெயர் வைத்திருப்பவரிடமிருந்து, வணிகக்குறியைக் காட்டிப் பிடுங்கப் பார்ப்பது. உசி நிசான் என்பவர் 1994இல் தம் குடும்பப் பெயரிலேயே களப்பெயரைப் பதிந்து கணினித் தொழில் செய்துவந்தார். நிசான் கார் நிறுவனம் 1999இல் அவர்மீது வழக்குப் போட்டது. ஆண்டுக்கணக்கில் இழுத்த வழக்கின் முடிவில் பெயர் அவரிடமே நின்றது. தகப்பன் பெயரைப் போட்டுக்கொண்டவரையும் 'ஆக்கிரமிப்பாளர்' என்று அழைக்க இடம்தரும் சொல் நமக்கு வேண்டாம்.

புணர்ச்சி, ஆக்கம் இரண்டிலும் இடர் இல்லை: பெயர் பதுக்கினார், பெயர்ப்பதுக்குநர், பதுக்கிய பெயர்.

எனக்குப் பிடிபடாமல் நிற்பது முகவரியைத் தட்டுவோர் செய்யும் எழுத்துப்பிழையை நம்பி, அந்தப் பிழை வடிவத்தையே களப்பெயராகப் பதிவதற்கான சொல். .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று தமிழிலேயே முடியும் களப்பெயர்கள் வந்துவிட்டதால் இது நம் வீட்டுச் சிக்கலும்கூட. 'கௌரி' என்று எழுதுங்கள். அடுத்து ககரத்துக்கு எகரக் கொம்பு போட்டு, ளகரத்தைத் தனியே தட்டி 'கெளரி' என்று எழுதுங்கள். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. கணினிக்கு இரண்டும் வேறு. நாளிதழ்த் தளங்களிலேயே இரண்டாவது வடிவம் தாராளமாகப் புழங்குகிறது. 'பிழைப்பதிவு' என்றால் பதிந்தவர் தவறுதலாகச் செய்ததுபோல் தொனிக்கிறது. 'பிழைப்பொறி' என்று எழுதிப் பார்த்தேன். கண்ணி என்ற பொருள் வருகிறது, ஆனால் இயந்திரப் பொறியோடு மயங்கும். வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.