மறு: ‘வாரநாள் எண்’ வேண்டாம், ‘கிழமையெண்’ என்போம்

வணக்கம்.

நாட்காட்டிச் செயலியில் ‘டே ஆஃப் வீக்’ வரும் இடங்களுக்கு ‘வாரநாள்’ என்றும், அதன் எண்ணுக்கு ‘வாரநாள் எண்’ என்றும் வைக்கலாம் என முந்தைய மடலில் எழுதியிருந்தீர்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கிழமை என்றே வைப்போம். எண்ணுக்குக் கிழமையெண்.

வாரநாள் என்ற சொல் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. ‘வாரநாட்களில் மட்டும் நினைவூட்டு’ என்று ஒரு பொத்தான் இருந்தால், படிக்கிறவர் திங்கள் முதல் வெள்ளி வரை என்றுதான் எடுத்துக்கொள்வார். ஆங்கிலத்தில் ‘வீக்டே’ இரண்டு பொருளிலும் வருகிறது. அது அவர்கள் பாடு. நமக்கு ஏழுக்கும் பொதுவாக ஒரு சொல் காலங்காலமாக இருக்கிறது. ‘இன்று என்ன கிழமை?’ என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். ‘இன்று என்ன வாரநாள்?’ என்று யாரும் கேட்டு நான் கேட்டதில்லை.

> கிழமை என்பது பெயருக்குப் பின்னால் ஒட்டுகிற சொல். தனியே நின்று கலைச்சொல் ஆகுமா?

தாராளமாக ஆகும். அது ஒட்டு இல்லை, தனிச்சொல். பொருள் உரிமை. கிழவன், கிழத்தி, கிழார் எல்லாம் இந்தக் குடும்பம்தான். ஆறாம் வேற்றுமைக்கு இலக்கணம் சொல்லும் பொருளே கிழமை. தற்கிழமை, பிறிதின்கிழமை என்று நன்னூல் பிரிப்பதைப் பள்ளியில் படித்திருப்போம். ‘கிழமையைக் கீழ்ந்திடா நட்பு’ என்று குறள் சொல்லும்போதும் உரிமைதான். ஆக, சனிக்கிழமை என்றால் சனிக்கு உரியது.

சோழர் கல்வெட்டுகளில் நாள் குறிக்கும் வாய்பாட்டைப் பாருங்கள். ‘சனிக்கிழமையும் பெற்ற உரோகிணி நாள்’ என்கிற மாதிரி வரும். அங்கே நாள் என்பது நட்சத்திரம். கிழமை தனி, நாள் தனி, திதியும் தனி. ஒரு தேதியின் வெவ்வேறு கூறுகளுக்குத் தனித்தனிப் பெயர் வைத்துக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். இன்றைக்கு ஒரு தரவுத்தளத்தில் நாம் செய்ய நினைப்பதும் அதைத்தானே?

அந்த உரிமை எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிழமை என்ற சொல் எவ்வளவு பொருத்தம் என்பது அதில்தான் தெரியும். பூமியிலிருந்து பார்க்கும்போது மெதுவாக நகர்வது முதல் வேகமாக நகர்வது வரை கோள்களை வரிசைப்படுத்தினால் சனி, வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன், திங்கள். ஒரு நாளின் 24 மணிக்கும் இந்த வரிசையில் ஆளுக்கு ஒரு மணியாகச் சுற்றிக் கொடுத்தார்கள். அதுதான் ஓரை. முதல் மணி யாருக்கோ, முழு நாளும் அவருக்கு. சனிக்கிழமையில் முதல் மணி சனி, 8, 15, 22-ஆம் மணிகளும் சனி. 23 வியாழன், 24 செவ்வாய். அடுத்த நாளின் முதல் மணி? ஞாயிறு. இப்படியே மும்மூன்றாக நகர்த்திக்கொண்டு போனால் திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி என்று வாரம் தானாக வந்து விழும். வானத்து வரிசை ஒன்றாகவும் வாரத்தின் வரிசை வேறாகவும் இருப்பது இதனால்தான். முதல் மணியின் உரிமைதான் கிழமை.

சனி என்ற பெயரும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. வடமொழியில் சனைச்சரன் என்றால் மெல்ல நடப்பவன். வானத்தை ஒருமுறை சுற்றி வர ஏறத்தாழ 29½ ஆண்டு ஆகிறது, அதனால் வந்த பெயர்.

> எண்ணை மாற்றும்போதே பெயரையும் மாற்றிவிடலாமே? புதனும் சனியும் வடசொல். அறிவன், காரி இருக்கின்றன.

இருக்கின்றன, நல்ல சொற்கள். சனியின் நிறத்தைப் பார்த்துப் பெயர் வைப்பது நம் பழைய வழக்கம். புறநானூற்றில் கபிலர் ‘மைம்மீன்’ என்கிறார், சிலப்பதிகாரம் ‘கரியவன்’ என்கிறது. ஆனால் 7-ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் ‘ஞாயிறு திங்கள் செவ்வாய் புதன் வியாழம் வெள்ளி சனி’ என்று இன்றைய வார வரிசையிலேயே பாடிவிட்டார். 1,300 ஆண்டாகப் புழங்கும் பெயரை ஒரு செயலியின் மொழிபெயர்ப்புக் கோப்பில் மாற்றுவது சரியில்லை. முன்பதிவுத் தேதி பார்க்க வருகிறவர் ‘காரிக்கிழமை’ என்று கண்டால் எந்த நாள் என்று தடுமாறுவார். கட்டுரையில் எழுதுங்கள், பேசிப் பழக்குங்கள், நானும் கூட வருகிறேன். இந்த இடத்தில் வேண்டாம்.

அப்புறம் நிரல் எழுதுகிறவர்களுக்கு இரண்டு விஷயம். பெயரோடு ‘கிழமை’ என்ற எழுத்துச் சரத்தை நிரலிலேயே ஒட்டி உருவாக்காதீர்கள். ‘ஞாயிறுகிழமை’, ‘திங்கள்கிழமை’, ‘வியாழன்கிழமை’ என்று வந்து நிற்கும். ஞாயிற்றுக்கிழமை, திங்கட்கிழமை, வியாழக்கிழமை எனப் புணர்ச்சி ஒவ்வொன்றுக்கும் ஒரு விதம். புதன்கிழமை மட்டும் மாறாமல் நிற்கும். ஏழு முழுப் பெயர்களையும் அப்படியே சேமித்து வையுங்கள். இன்னொன்று, குறும்பெயர். ஞா, தி, செ, பு, வி, வெ, ச என்று ஓரெழுத்திலேயே ஏழும் தெளிவாகப் பிரிகின்றன, ஆங்கிலத்தில் இந்த வசதி கிடையாது. ஆனால் ஒருங்குறியில் (யூனிகோடு) ‘வி’ போன்ற ஓர் எழுத்து, ‘வ’ ஒன்றும் உயிர்க்குறி ஒன்றுமாக இரண்டு குறியீட்டுப் புள்ளிகளாகப் பதிவாகிறது. முதல் புள்ளியை மட்டும் வெட்டி எடுத்தால் உயிர்க்குறி போய்விடும். வியாழனும் வெள்ளியும் இரண்டுமே ‘வ’ ஆகிவிடும். மாதக் காட்சியில் அடுத்தடுத்து இரண்டு ‘வ’ நிற்பதைப் பார்த்தால் எரிச்சலாக வரும்.

ஆகவே என் முன்மொழிவு: ஏழுக்கும் பொதுவான சொல் கிழமை, பெயர் கிழமைப்பெயர், எண் கிழமையெண். திங்கள் முதல் வெள்ளி வரையானதற்கு வாரநாள் இருக்கட்டும். விடுமுறை நீங்கிய நாட்களுக்கு வேலைநாள், ஏனென்றால் வாரநாளிலும் விடுமுறை வரும். கிழமையெண்ணுக்கு விளக்கம் எழுதும்போது எங்கிருந்து எண்ணுகிறோம் என்பதைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். தேதி எழுதுவதற்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 8601-இல் திங்கள் 1, ஞாயிறு 7. குறித்த நேரத்தில் நிரல்களை இயக்கும் க்ரான் (cron) கருவியில் ஞாயிறு 0. ‘கிழமையெண் 0’ என்று ஒருவர் எழுதினால் அது எந்த முறை என்று அடுத்தவருக்குத் தெரிய வேண்டும்.

வாரத்தின் முதல் நாளைத் தேர்வு செய்யும் அமைப்புக்கு ‘வாரத் தொடக்கம்’ போதும் என்று நினைக்கிறேன். அதில் மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள், கோப்பை அடைக்கும் முன் சேர்த்துவிடலாம்.